நூற்று முப்பத்தொன்பது ஆரோ

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் எழுதி வைக்கப்போகிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் கொட்டாவி விடுவார். கம்பெனி பஸ்ஸில் சொன்னால் நான் இறங்குவதற்குள் ஆபீஸ் ரூமுக்குப் போய்விடும். காகிதம் ஒன்றுதான் யாரிடமும் போட்டுக்கொடுக்காது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் ஆதாரம் வேண்டும். அதனால் தெரிந்ததையும் முழுசாகவே எழுதுகிறேன்.

பெயர் தனபாக்கியம். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாகச் செக்கர். நாலாம் லைனில் தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நூல் விட்ட இடம், சுருக்கம், ஊசி ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஆரோ வந்தால் தைத்தவள் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். ஒரே பீஸில் மூன்று ஆரோ ஒட்டினால் அது தேறாது, கழிவுக்குப் போகும். நல்ல பீஸில் எதையும் ஒட்ட மாட்டோம். என்னைக் கண்டால் லைனில் யாருக்கும் ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும், நான் என்ன அவர்களோடு சம்பந்தமா பேசப்போகிறேன்?

இன்று சாப்பாட்டு நேரத்தில் ஹெச்.ஆர். பிரதீப் சார் கேன்டீனில் மைக் பிடித்தார். நம்மிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி சொல்லிவிட்டதாம். தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தைக்கிற லைன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதி. இனிமேல் யாரையாவது வேலையை விட்டு எடுப்பதென்றால் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். "இனி இது உங்க கம்பெனி" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இதில் ஏதோ இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நவநீதம் தேர்தலில் நிற்கப்போகிறாளாம். எனக்கு நேர் எதிர் மெஷின். பன்னிரண்டு வருஷப் பழக்கம். என் பெரியவள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு வந்து வெங்காயம் உரித்தவள்.

"மொதல்ல அந்த ஆணியப் புடுங்கணும்மே. அப்பறம்தான் மத்த வேல" என்றாள்.

ஆணி என்றால் டோக்கன் ஆணி. பாத்ரூம் போக லைனுக்கு இரண்டு டோக்கன். ஆள் நாற்பத்தாறு பேர். ஒருத்தி போய்விட்டு வந்து டோக்கனை ஆணியில் மாட்டினால்தான் இன்னொருத்தி எழுந்திருக்கலாம். நவநீதத்துக்குச் சுகர். அவளால் அடக்க முடியாது. டோக்கன் இல்லாமல் போனதற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருக்கிறாள். மூன்றாவது வந்தால் வேலையை விட்டு எடுக்க விசாரணை.

இவளாக நிற்கிறாளா, யாராவது ஏற்றிவிடுகிறார்களா? சாயந்திரம் மூன்றாம் லைன் ரஹமத்தோடு ரொம்ப நேரம் குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் நோன்புக் கஞ்சிக்கு என்னென்ன போடுவது என்று பேச்சு மாறிவிட்டது. எனக்கா தெரியாது?

மார்ச் 6, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. விறகு மூட்டிச் சமைத்ததில் கண் எரிகிறது.

சூப்பர்வைசர் கஜேந்திரன் வந்து, ஹெச்.ஆர். கூப்பிடுகிறார் என்றார். பதினாலு வருஷத்தில் அந்த ரூமுக்குள் போவது இதுதான் முதல் தடவை. ஏசி. பீங்கான் கப்பில் டீ. லைனில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள், யாருக்கு என்ன குறை, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பிரதீப் சார் கேட்டார். தங்கமான பேச்சு, தம்பி மாதிரி. கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. பெரும்பாலும் சொல்லவில்லை.

"நீங்க நின்னா என்னக்கா?" என்றார். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவில் மயில் கழுத்துக் கலர் புடவை இருக்கிறதா என்று பார்த்தேன். சும்மாதான்.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கோலப்போட்டி. எல்லாருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். மூடி சேரவில்லை.

மார்ச் 10, திங்கள்

தேர்தல் விதி ஒட்டியாகிவிட்டது. ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும். கடைசி ஒரு மாதத்தில் மெமோ வாங்கியவர் நிற்கக்கூடாது. நவநீதத்தின் பழைய மெமோ இரண்டும் போன வருஷத்தவை. அதனால் காலையில் தெம்பாகத்தான் இருந்தாள்.

பதினோரு மணிக்கு மூன்றாவது மெமோ வந்தது. "ஐந்தாம் தேதி மதியம் மூன்று பத்துக்கு டோக்கன் இல்லாமல் லைனை விட்டுப் போனார்." தேதி, மணி, நிமிஷம் எல்லாம் சுத்தமாக இருந்தது.

நவநீதம் மெமோவை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்துவிட்டாள். நிற்க முடியாது என்பது கூடப் பரவாயில்லை. மூன்று மெமோ. விசாரணை வரும், அதில் பிரதிநிதி கையெழுத்து விழுந்தால் வேலை போய்விடும். வீட்டுக்காரன் இல்லாதவள், பையன் பாலிடெக்னிக் படிக்கிறான்.

இது எப்படி ஆபீசுக்குப் போனது என்று நாள் முழுக்க யோசித்தேன். அங்கே கேமரா கிடையாது. ரஹமத் சொல்லியிருக்கலாம், நோன்பு வைத்தவள் எங்கேயும் எழுந்து போவதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். பெருக்குகிற சின்னப்பொண்ணுவும் சொல்லியிருக்கலாம், அவள் புருஷன் கேட்டில் வாட்ச்மேன். சுவருக்கும் காது இருக்கிறது. யாரையும் நம்பக்கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

நவநீதம் நாள் முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து வலி போலிருக்கிறது.

மார்ச் 12, புதன்

நவநீதத்துக்குப் பதில் ரஹமத் நிற்கிறாளாம். பார்த்தீர்களா, நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. யாருக்கு லாபமோ அவள்தான் சொல்லியிருப்பாள்.

நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ரஹமத் மாதிரி ஆள் வந்தால் லைன் என்னாவது? கஜேந்திரன் என் ஸ்டூலை எடுத்துவிட்டு முதுகு சாய்கிற நாற்காலி போட்டார். செக்கர் வேலைக்கு முதுகு முக்கியம், இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. பஸ்ஸிலும் முன் சீட்டு.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏகாம்பரம் ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் இப்படித்தான்.

"ஆணி யாரு டேபிள்ல கீது?"

"என் டேபிள்லதான். அதுக்கின்னா இப்போ?"

"ரெண்டு டோக்கனும் ஆணியிலயே கீதா, எவ டோக்கன் இல்லாம எழுந்து போனான்னு வேற யாருக்குத் தெரியும்?"

"ஆயிரம் பேருக்குத் தெரியும். சோத்தத் தின்னு."

குழம்பில் உப்பு அதிகம் என்று எழுந்துவிட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

நான் ஜெயித்துவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். கேன்டீனில் துணி கட்டி மறைப்பு வைத்திருந்தார்கள். சீட்டில் இரண்டு பெயர், இரண்டு போட்டோ. என் போட்டோவில் கண் பாதி மூடியிருக்கிறது, வேண்டுமென்றே அதைத்தான் போட்டிருக்கிறார்கள். பேனா கிடையாது. மை தோலில் பட்டால் பீஸ் போச்சு என்பதால் லைனுக்குள் பேனாவே கூடாது. அதனால் மறைப்புக்குள் மேஜை மேல் சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் பட்டை வைத்திருந்தார்கள்.

கஜேந்திரன்தான் மைக்கில் சொன்னார். "ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. டெய்லி ஒட்றா மாதிரி ஒட்டுங்க. போட்டோ மேல ஒட்டி, மடிச்சி பெட்டியில போட்டுட்டு வந்துகினே இருங்க."

என் முறை வந்தது. ஆரோவைக் கிழித்ததும் கை தானாக ரஹமத் போட்டோ மேல் போய்விட்டது. சட்டென்று உரித்து என் மேல் ஒட்டினேன். வெயில் களைப்பு.

நூற்று எண்பத்தாறு சீட்டு. எனக்கு நூற்று முப்பத்தொன்பது. ரஹமத்துக்கு நாற்பத்து நாலு. மூன்று செல்லாது. எண்ணும்போது வேட்பாளர் என்று என்னையும் ரஹமத்தையும் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பிரதீப் சார் கை கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான், வேறென்ன?

சில சீட்டில் என் போட்டோ மேல் மூன்று ஆரோ ஒட்டியிருந்தது. பதினோரு சீட்டில் அப்படி. பிரதீப் சார் "ரொம்பப் பிரியம் போல" என்று சிரித்து ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கடைக்குப் போய் இரண்டு கிலோ லட்டு வாங்கினேன். துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். எந்த வேலை செய்தாலும் அந்தப் பதினோரு சீட்டுதான் கண்ணில் நிற்கிறது. ரஹமத் போட்டோ மேல் மூன்று ஆரோ ஒட்டின சீட்டு ஒன்றுகூட இல்லை.

மார்ச் 17, திங்கள்

லட்டு கொடுத்தேன். எல்லாரும் வாங்கினார்கள். சாயந்திரம் மெஷின் மேல் வரிசையாக லட்டு அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்து, சின்னப்பொண்ணு வாரிப் போட்டாள். நவநீதம் கை நீட்டவே இல்லை.

பஸ்ஸில் இரண்டாம் லைன் செல்லம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வாயில் எதுவும் நிற்காது.

"ஏம்மே தனபாக்கியம், அத்தன ஆரோ உம்மேல ஒட்டியும் நீ எப்பிடிமே ஜெயிச்ச?"

"ஒட்டினாதாண்டி ஜெயிக்கிறது."

"அய்ய! ஆரோ எதுக்கு ஒட்டுவோம்? கெட்டதுக்குத்தான ஒட்டுவோம். சர்க்கார் ஓட்டுன்னா பட்டன் அமுக்குவோம், அது வேற. டெய்லி ஒட்றா மாதிரி ஒட்டுன்னு மைக்ல சொன்னாங்கோ. வேணாங்கறத ஒட்டிட்டு வந்தோம். எங்க லைன்ல முக்காவாசி பேரு அப்பிடித்தான்."

"ஒங்க லைனே அறிவு கெட்ட லைன்" என்றேன்.

"ஆமாமே, அது இன்னாவோ நெஜந்தான்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். மனசில் வஞ்சம் இல்லாதவள். அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

நூற்று முப்பத்தொன்பது பேர். தலை வலிக்கிறது. படுக்கிறேன்.

மார்ச் 19, புதன்

பிரதீப் சார் ரூம். அவர் இல்லை, கஜேந்திரன் இருந்தார். ஒரு பேப்பரைத் தள்ளினார். வெள்ளிக்கிழமை நடக்கப்போகிற விசாரணைக் கமிட்டிக் கூட்டத்தின் அறிக்கை. இன்னும் நடக்காத கூட்டத்துக்கு! இருபத்தொன்றாம் தேதி போட்டு, யார் என்ன பேசினார்கள் என்றுகூட டைப் அடித்திருக்கிறது. "நவநீதம் அவர்களைப் பணிநீக்கம் செய்வதற்குத் தொழிலாளர் பிரதிநிதி முழு ஒப்புதல் அளித்தார்." அதற்குக் கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"வெள்ளிக்கெழம வெளிநாட்டுக் கம்பெனி மேடம் வராங்கோ. நேரம் இருக்காது. இப்பவே போட்டுடு" என்றார்.

"நவநீதத்தக் கூப்ட்டு ஒரு வார்த்த கேக்க வாணாமா சார்? நூத்தி முப்பத்தொம்பது பேரு என்ன நம்பி..." என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

கஜேந்திரன் வாய் விட்டுச் சிரித்தார்.

"நம்பியா? யார்கிட்டமே சொல்ற? நான் இந்த லைன்ல ஹெல்ப்பரா சேந்தவன். ஆரோன்னா இன்னா, மூணு ஆரோன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? பிரதீப் சார் பென்சில் குடுக்கலாம்னாரு. நான்தான் சொன்னேன், ஆரோ குடுங்க சார், எவளக் கண்டா இவளுங்களுக்கு ஆவாதோ அவள நிறுத்துங்க, தானா ஜெயிக்கும்னு. வேற யாராச்சும்னா இவ்ளோ ஆரோ வுழுந்திருக்குமா? உன்னாலதான் முடிஞ்சது."

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். முதுகில்கூடத் தட்டினார்.

கண்ணாடி கொண்டு வரவில்லை, படிக்காமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடி என் இடுப்பில்தான் இருந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். டோக்கனோடுதான் போனேன்.

மார்ச் 20, வியாழன்

மாவு பொங்கி வழிந்து அடுப்படியெல்லாம் நாசம். துடைத்தேன். வேறொன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை இன்றே எழுத வேண்டும்.

கூட்டத்தில் பிரதீப் சார், கஜேந்திரன், நான், வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து வந்த மாலினி மேடம். கண்ணாடி போட்ட ஒல்லி அம்மா. வந்ததும் கேட்டார். "தேர்தல் எப்படி நடந்தது? யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

பிரதீப் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆமாம் சாமி போடு என்று அர்த்தம்.

"யாரும் வற்புறுத்தல மேடம். ஆனா நான் ஜெயிக்கல" என்றேன்.

"என்னம்மா சொல்கிறீர்கள்? நூற்று முப்பத்தொன்பது ஓட்டு என்று எழுதியிருக்கிறதே."

"அது ஓட்டு இல்ல மேடம். அவ்ளோ பேரு என்ன வாணாம்னு சொன்னது."

பிரதீப் சார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் விடவில்லை. எழுந்து போய் என் மேஜையிலிருந்து ஆரோ ஒட்டின நாலு பீஸைக் கொண்டுவந்து அந்த அம்மா முன்னால் வைத்தேன். எதற்கு ஆரோ ஒட்டுவோம், எப்போது மூன்று ஒட்டுவோம், மைக்கில் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஓட்டுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். அந்த அம்மா என் போட்டோ மேல் மூன்று ஆரோ ஒட்டின சீட்டு ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லைனிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டுத் தனித்தனியாகக் கேட்டார். செல்லம்மா அரைமணி நேரம் பேசியிருப்பாள்.

"இந்தப் பணிநீக்கம்?" என்று கடைசியில் அந்தப் பேப்பரை எடுத்தார்.

"நடக்காத கூட்டத்துக்கு முந்தாநாளே டைப் அடிச்சி வெச்சிட்டாங்க மேடம். நான் போட மாட்டேன்."

"அவர் டோக்கன் இல்லாமல் போனது உண்மைதானே? யார் பார்த்தது?"

அதற்கும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. சொல்லும்போது நவநீதம் சாட்சிக்காக வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

இந்தத் தேர்தல் செல்லாது, பென்சில் வைத்து மறுபடி நடத்துங்கள், அதுவரை நவநீதத்தின் விசாரணையை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா கிளம்பிப் போனார்.

ராத்திரி ஏகாம்பரம் எனக்கும் சேர்த்து அவரே தட்டைக் கழுவினார்.

மார்ச் 24, திங்கள்

நாற்காலி போய் ஸ்டூல் வந்துவிட்டது. பஸ்ஸில் கடைசி சீட்டு, டயர் மேலே. டோக்கன் ஆணியைப் பிடுங்கி கஜேந்திரன் மேஜையில் அடித்துவிட்டார்கள்.

காலையில் நவநீதத்திடம், "சாப்ட்டியா?" என்று கேட்டேன். மெஷினை வேகமாக மிதித்தாள்.

லைனில் இப்போது யாரும் என்னிடம் பேசுவதில்லை. முன்பும் ஒன்றும் கொஞ்சிக் குலவவில்லை. ஆனால் இது வேறு. முன்பு நான் தலை நிமிர்ந்தால் அவர்கள் குனிந்துகொள்வார்கள். இப்போது யாரும் குனிவதில்லை, என்னைப் பார்க்கிறார்கள். நான்தான் குனிய வேண்டியிருக்கிறது.

மார்ச் 29, சனி

மறு தேர்தல். பென்சில். ரஹமத்துக்கு நூற்று எண்பது. எனக்கு இரண்டு. நாலு செல்லாது. நான் ரஹமத்துக்குத்தான் போட்டேன். அந்த இரண்டு பேர் யாரென்று பஸ் முழுக்க யோசித்தேன். செல்லம்மா இல்லை, அவள் போட்டிருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் வாசலில் ரஹமத். நோன்பு திறந்ததும் நேரே வந்திருக்கிறாள். கையில் கம்பெனி கவர். என் வாசலுக்கு அவள் வந்ததே இல்லை. உள்ளே வரச்சொல்லலாமா, எதற்கு வந்திருக்கிறாள், வேவு பார்க்கவா என்று எல்லாம் மனசில் ஓடியது. பழக்கம் போகுமா?

"பிரதிநிதிக்குன்னு புது விதி குடுத்தாங்கக்கா. ஆறு பக்கம். திங்கக்கெழம பெருநாளு லீவு, செவ்வாக்கெழம காலையில கையெழுத்துப் போட்டுக் குடுன்னாங்கோ" என்றாள். "படிச்சா எல்லாம் நல்லதாத்தான் தெரியுது. அதான் பயமா கீது. நீ படிச்சிச் சொல்லுக்கா."

"என்கிட்ட ஏண்டி வர? நான் ஒரு மாசமா உன்னத்தான் சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்."

"தெரியும். எங்க லைனுக்கே தெரியும். பெத்த தாயவே சந்தேகப்படுற ஆளு நீ. அதாலதான் வந்தேன். உன் கண்ணுக்குத் தப்பி ஒரு தையல் போவுமா?"

கண்ணாடி போட்டு உட்கார்ந்தேன். ஷூவைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பார்த்தேன். முதல் பக்கம் சுத்தம். இரண்டாவது, குடிதண்ணீர். மூன்றாவது, கேன்டீன், பஸ், மகளிர் தின விழா. நாலாவது பக்கத்தின் அடியில், மற்ற எழுத்தைவிடப் பொடியாக இரண்டு வரி. ஒழுங்கு நடவடிக்கையும் பணிநீக்கமும் ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நிர்வாகத்தின் தனிப் பொறுப்பு, பிரதிநிதி ஒப்புதல் தேவையில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட விசாரணைகளுக்கும் இது பொருந்தும்.

நிறுத்தி வைத்த விசாரணை கம்பெனியில் ஒன்றே ஒன்றுதான். நவநீதத்தினுடையது.

இரண்டு முறை படித்துக் காட்டினேன். ரஹமத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நூத்தி எம்பது பேரு போட்டு இன்னாக்கா பிரயோஜனம்? நான் கையெழுத்துப் போட மாட்டேன். மாட்டேன்னா வுட்டுருவாங்களா?"

"வுட மாட்டாங்க. அதுக்குள்ள அந்த மேடத்துக்கு எழுதணும். யாருக்கு வேல போவுதோ அவ பேருல, அவ கையெழுத்தோட போவணும். நாளைக்கே போவணும்."

"நவநீதம் அக்கா நான் சொன்னா கேக்கும். ஆனா இத்த எனக்கு வெளக்கத் தெரியாதுக்கா."

எனக்குத் தெரியும். ஐந்தாம் தேதி மூன்று பத்துக்கு அவள் எழுந்து போனதை ஏசி ரூமில் டீ குடித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவளுக்கு இதைச் சொல்லத் தெரியாதா? எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், அடிக்கப்போவதில்லை.

நாளைக்கு ஞாயிறு. காலை ஆறு மணி பஸ்ஸில் போகிறேன். நவநீதம் கதவைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்து படிப்பேன். திறக்காவிட்டால் தெருவில் நின்று, அக்கம்பக்கம் எல்லாரும் கேட்கிற மாதிரி நாலாம் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பேன். என்ன சொல்லித் திட்டினாலும் படித்து முடிக்காமல் வர மாட்டேன்.